மூன்றாம் மொழியில் சொன்னது

அக்டோபர் 14, திங்கள்

எல் நொகாலுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. கலிபோர்னியா என்றதும் கோயம்புத்தூரில் எல்லோரும் கடற்கரையைத்தான் நினைத்தார்கள். இங்கே கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம், பாதாம் தோட்டம், நடுவில் ஒரு ரயில் பாதை, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு சலவைக்கடை. தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீடுகளுக்குப் போய் ஸ்பானிஷ் மொழியில் இயேசுவைப் பற்றிச் சொல்ல, எங்கள் சபை என்னைப் பதினெட்டு மாத ஊழியத்துக்கு அனுப்பியிருக்கிறது. வெளியே எங்களை மார்மன் என்பார்கள்.

சட்டையில் குத்தியிருக்கும் கறுப்புப் பட்டையில் "எர்மானா தேவசகாயம்" என்று இருக்கிறது. எர்மானா என்றால் சகோதரி. தேவசகாயம் யார் வாயிலும் நுழையவில்லை. இரண்டாம் நாளே "தேவா" என்று நறுக்கிவிட்டார்கள்.

என் கூட்டாளி எர்மானா பார்ட்லெட். ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணை வைத்திருப்பவர் மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஊழியத்தில் ஒரு வருடம் மூத்தவள். சரளமாக ஸ்பானிஷ் பேசுகிறாள். விதிப்படி நாங்கள் இருவரும் எப்போதும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குளியலறைக்கு மட்டும் விலக்கு. கூடவே ஒருத்தி இருந்தால் தனிமை தெரியாது என்று அப்பா சொல்லி அனுப்பினார். நான் குளிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று பார்ட்லெட் நேற்று சொன்னாள்.

திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். துணி துவைக்கலாம், கடைக்குப் போகலாம், வீட்டுக்கு வீடியோவில் பேசலாம். அப்பா மட்டும் வந்தார். அம்மா தன் ஊரான நாசரேத்தில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம், மாமாவுக்கு முதுகு வலியாம்.

அக்டோபர் 17, வியாழன்

நாற்பத்தொரு கதவு. முப்பத்தெட்டு திறக்கவில்லை. ஒன்றில் நாய். ஒன்றில் ஒருவர் பார்ட்லெட்டிடம் மரியாதையாக மறுத்துவிட்டு, என்னைப் பார்த்து மடமடவென்று ஏதோ திட்டினார். என் நிறத்தைப் பார்த்து நான் அவர்கள் ஆள் என்று நினைத்துவிட்டார் என்றும், நம் பெண் இந்த வெள்ளைக்காரிகளோடு சேர்ந்து அலைகிறாளே என்று கோபப்பட்டார் என்றும் பார்ட்லெட் தெருமுனையில் விளக்கினாள். திட்டு புரிந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அந்த வகையில் நல்லது.

கடைசிக் கதவு ஒரு கார் கொட்டகை. அதை அறையாக மாற்றி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்த பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம், இடுப்புவரை ஒற்றைச் சடை, திராட்சைக் கறை படிந்த விரல்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னவோ கேட்டார். அது ஸ்பானிஷ் இல்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. எப்போதும்போல் என் காதில்தான் குறை என்று நின்றேன். பார்ட்லெட்டும் விழித்தாள். அது மிஸ்தெக் என்ற பழங்குடி மொழியாம். மெக்சிகோவின் ஒவஹாக்கா மலைகளில் பேசுவார்களாம். நான் அவர் ஊர்ப் பெண் என்று நினைத்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில், "நான் இந்தியா பெண்" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நானுந்தான்" என்றார்.

மெக்சிகோவில் பழங்குடிப் பெண்களை 'இந்தியா' என்றுதான் அழைப்பார்களாம், மட்டமாக. சின்ன வயதில் அவரை அப்படிக் கூப்பிட்டுக் கல் எறிந்திருக்கிறார்கள். அதை ஒருத்தி வாசலில் வந்து நின்று நிமிர்ந்து சொன்னதை இன்றுதான் கேட்கிறாராம். உள்ளே வாருங்கள் என்றார். பெயர் ஒதீலியா.

அக்டோபர் 21, திங்கள்

அப்பாவிடம் பேசினேன். மாமா முதுகு இன்னும் சரியாகவில்லையாம். அப்பாவின் இடது கையில் ஒரு கட்டு. குக்கர் ஆவி பட்டுவிட்டது என்றார். அப்பா குக்கர் வைத்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 30, புதன்

ஒதீலியா வீட்டில் முதல் பாடம். தீர்க்கதரிசிகளைப் பற்றியது. பாதியைப் பார்ட்லெட் சொல்ல, மீதியை நான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. என் முறை வந்ததும் படித்ததெல்லாம் மறந்துபோனது. என்ன செய்வதென்று தெரியாமல், யூட்டாவில் ஆறு வாரப் பயிற்சியில் நான் மனப்பாடம் செய்த ஒரே பத்தியை ஒப்பித்தேன். சிறு குழந்தைகள் பாவமற்றவர்கள், அவர்களுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை, இறந்துபோனாலும் அவர்கள் தேவனிடத்தில் உயிரோடிருக்கிறார்கள் என்று வரும். இன்றைய பாடத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒதீலியா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். என் உச்சரிப்பு அவ்வளவு மோசம்.

திரும்பி வரும்போது பார்ட்லெட் கோபப்படவில்லை. "பரவாயில்லை, அடுத்த வாரம் அட்டையில் எழுதி வைத்துக்கொள்" என்றாள். கோபப்பட்டிருக்கலாம்.

நவம்பர் 1, வெள்ளி

மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களை நினைத்துப் படையல் வைக்கும் நாள். தெருவெங்கும் மஞ்சள் சாமந்தி. கோவையில் பூ மார்க்கெட்டைத் தாண்டும்போது வரும் அதே வாசனை. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு வேலியருகே நின்றுகொண்டேன். பிரேக் சரியில்லையா என்று பார்ட்லெட் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒதீலியா மேசையில் அவருடைய அப்பா அம்மா படங்கள், ரொட்டி, மெழுகுவர்த்தி, கன்னி மரியாள். கதவுக்கு வெளியே தரையில் தனியாக ஒரு சிறிய கிண்ணத்தில் பால். பூனை வளர்க்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. இருபத்தாறு கதவு.

நவம்பர் 18, திங்கள்

ஒதீலியாவைப் பற்றி எழுத வேண்டும். இந்த ஊரில் நான் முழு வாக்கியம் பேசுவது அவரிடம் மட்டும்தான்.

ஸ்பானிஷ் அவருக்கும் சொந்த மொழி இல்லை. பதினாறு வயதுக்குமேல் கற்றுக்கொண்டது. அதனால் அவர் மெதுவாகப் பேசுவார், எளிய சொற்களை எடுப்பார். எங்கள் இருவருக்கும் நிகழ்காலம்தான் நன்றாக வரும். "நேற்று நான் போகிறேன்", "போன வருஷம் புருஷன் ஓடுகிறான்" என்று பேசிக்கொள்கிறோம். பார்ட்லெட் இலக்கணத்தைத் திருத்த வாய் திறப்பாள், பிறகு மூடிக்கொள்வாள். ஒதீலியாவின் தாய்மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு "மழையின் பேச்சு" என்று அர்த்தமாம். உங்கள் மொழிப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இனிமை என்பார்கள் என்றேன். சொல்லிக் காட்டச் சொன்னார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்றால், அம்மா நீ ஏன் பேச வரவில்லை, மாமாவுக்கு எத்தனை வாரம்தான் முதுகு வலிக்கும் என்று. ஒதீலியா தலையாட்டிக் கேட்டுவிட்டு, இனிமை இல்லை, சண்டை போடுவது மாதிரி இருக்கிறது என்றார்.

காப்பிதான் சங்கடம். எங்கள் சபையில் காப்பியும் தேநீரும் விலக்கு. முதல் நாள் பட்டையும் வெல்லமும் போட்டு மண்பானையில் கொதிக்கவைத்த காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்றதும் முகம் வாடியது. காரணத்தைச் சொன்னதும் கப்பை எடுத்துக்கொண்டு போய், மறுநாளிலிருந்து தானும் நிறுத்திவிட்டார். யாரும் கேட்கவில்லை. நான்கு நாள் தலைவலியோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். இப்போது பட்டையை மட்டும் கொதிக்கவைத்துக் கொடுக்கிறார்.

அவருக்கு நயேலி என்று ஒரு மகள். ஊரில் இருக்கிறாள். அவளைப் பதின்மூன்று வயதில் தன் தங்கையிடம் விட்டுவிட்டு ஒதீலியா இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்கிறார். இப்போது அவளுக்கு இருபத்துநாலு. பதினொரு வருடமாக நேரில் பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறார்கள்.

வாரத்துக்கு ஒரு நாள் என்பது எங்கள் திட்டம். நான் ஏதாவது சாக்குச் சொல்லி மூன்று நாள் ஆக்கிவிட்டேன். ஒதீலியாவுக்கு ஆர்வம் அதிகம், அடிக்கடி போக வேண்டும் என்று வாராந்திர அறிக்கையில் எழுதினேன்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி சொல்லும் பண்டிகை. சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் விருந்து. ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொன்னார்கள். என் முறையில் ஆரோக்கியம் என்றேன். அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 9, திங்கள்

அப்பா இன்று திரைக்கு முன் உட்கார்ந்து வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார். மாமாவுக்கு முதுகு வலி எதுவும் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்த வாரமே அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வருவதாக இல்லை.

"ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவதான் சொன்னா பாப்பா. நீ அங்க மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு."

எனக்குத் தெரியும். கையில் கட்டைப் பார்த்த அன்றே தெரியும். அப்பாவுக்குப் பின்னால் சுவரில் அம்மாவின் குடும்பப் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்ததும் தெரியும். இந்த நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதினால் நிஜமாகிவிடும் என்று பயம்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா மட்டும் இந்தச் சபையில் சேர்ந்தார். மறு வருடம் நான். அம்மா தன் அப்பாவும் தாத்தாவும் போன சி.எஸ்.ஐ. கோயிலை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் இரண்டு பக்கமாகக் கிளம்புவோம். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுவோம். அதுவரை தாங்கினாள். ஊழியத்துக்குப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "எம் புருசனக் குடுத்தேன். இருக்கறது ஒரு பிள்ள, அதையும் கேக்கீங்களா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. அப்பாவும் நானும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம்.

டிசம்பர் 10, செவ்வாய்

பதினேழு கதவு.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். நாசரேத்துக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே எல்லோரும் ஆராதனைக்குப் போயிருப்பார்கள். மறுபடி செய்தேன். அத்தை எடுத்து, அம்மா தூங்குகிறாள் என்றாள். பின்னால் அம்மா யாரையோ தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் குரல் கேட்டது.

ஜனவரி 6, திங்கள்

ஒதீலியா ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் கேட்கக்கூட இல்லை. ரொட்டி மாவைத் தட்டிக்கொண்டே, "பிப்ரவரியில கிளை வெட்டுற வேலை கொறையும். அப்ப வச்சுக்கலாம்" என்றார். பார்ட்லெட் அவரைக் கட்டிப்பிடித்து மாவெல்லாம் பூசிக்கொண்டாள். ஒரு வருடத்துக்கும் மேலாக இந்த ஊரில் யாரும் சபையில் சேரவில்லை. பிப்ரவரி 8 என்று நாள் குறித்தோம்.

நானும் சந்தோஷப்பட்டேன். சைக்கிளில் வரும்போது பார்ட்லெட்டுக்குப் பின்னால் வேண்டுமென்றே மெதுவாக வந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

நாங்கள் இருக்கும்போதே நயேலி போன் செய்தாள். ஒதீலியா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார் போல. மிஸ்தெக் மொழியில் ஒரே கத்தல். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. கடைசியில் ஸ்பானிஷுக்கு மாறினாள், நாங்கள் கேட்க வேண்டும் என்றே. முதலில் என்னை விட்டுவிட்டுப் போகிறாய், இப்போது கன்னி மரியாளையும் விடுகிறாய், உனக்கு விடுவதுதான் தெரியும் என்றாள். போன் அணைந்தது. ஒதீலியா அடுப்படிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

ஜனவரி 21, செவ்வாய்

பத்து நாளாகப் பனிமூட்டம். எதிர் வீடு தெரிவதில்லை. ஒதீலியா அதிகாலையில் திராட்சைக் கொடிகளை வெட்டப் போகிறார். பத்தடிக்கு அப்பால் இருக்கும் ஆளைக் கத்தரிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவர் எங்கள் போதனைக்காகச் சேரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்பதற்காகச் சேர்கிறார். மகள் வயதில் ஒருத்தி வாரம் மூன்று நாள் வந்து, அவர் கொடுப்பதைச் சாப்பிட்டு, அவரைப் போலவே தப்பும் தவறுமாகப் பேசிவிட்டுப் போகிறாள். சேராவிட்டால் வரமாட்டாளோ என்ற பயம். தனியாக இருக்கிற மனுஷி என்னதான் செய்வார்? அந்தத் தனிமையில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் அது வேண்டியிருந்தது. அதற்காக ஒரு மகள் தன் தாயோடு பேசாமல் போக வேண்டுமா?

ஊழியக்காரி எழுதுகிற எழுத்தா இது என்று பார்ட்லெட் பார்த்தால் கேட்பாள். நல்லவேளை, தமிழ்.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று சொல்லிவிட்டேன்.

பார்ட்லெட்டுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உள்ளே சிக்னல் இல்லாததால் முற்றத்துக்குப் போனாள். ஜன்னல் வழியே ஒருவருக்கொருவர் தெரியும்படிதான் நின்றாள். ஒதீலியா ஒரு பழைய கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நேரம் குறைவு என்பதால் சுற்றி வளைக்கவில்லை. எர்மானா, எனக்காக நீங்கள் ஞானஸ்நானம் எடுக்க வேண்டாம், நீங்கள் சேராவிட்டாலும் நான் உங்கள் தோழிதான், உங்கள் மகளை இதற்காக இழக்காதீர்கள் என்றேன். எனக்குத் தெரிந்த சொற்களில் இப்படித்தான் வந்திருக்கும்: "எனக்காக வேண்டாம். மகள் முக்கியம். நான் சும்மாவும் வருகிறேன்."

அவர் ஊசியை நிறுத்தினார். இப்படி ஒரு பார்வையை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"ஒனக்காக நான் தண்ணிக்குள்ள இறங்குறேன்னா நெனக்கிற?"

நான் ஜன்னல் வழியே பார்ட்லெட்டைப் பார்த்தேன்.

"நான் சின்னப் பிள்ளையா? பேச்சுத் துணைக்காகச் சாமிய மாத்துற ஆளா?"

பிறகு சொன்னார். எங்களுக்குத் தெரிந்த அந்த ஒரே காலத்தில் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"நயேலிக்கு மூணு வயசு. ரெண்டாவது ஒரு பையன் பொறக்குறான். ரெண்டு நாள் இருக்கான். பால் குடிக்கிறான். பாதிரியார் அடுத்த மாசந்தான் எங்க மலைக்கு வருவார். மூணாம் நாள் காலையில பையன் இல்ல. தண்ணி ஊத்தாத பிள்ளன்னு சொல்றாங்க. கல்லறைக்கு உள்ள எடம் இல்லன்னு சொல்றாங்க. சுவருக்கு வெளிய பொதைக்கிறோம். அவன் இருட்டுல இருக்கான்னு எங்க மாமியார் சொல்றா. இருபத்தொரு வருஷமா அவன் இருட்டுல இருக்கான். நான் வருஷா வருஷம் வாசலுக்கு வெளிய பால் வைக்கிறேன். உள்ள வைக்க எனக்குத் தைரியம் இல்ல."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நீ வர்ற. ஒனக்குப் பாஷை தெரியல. வேர்த்துக்கொட்டுது. ஆனா நீ சொல்ற, குழந்தைங்களுக்குத் தண்ணி வேண்டாம், அவங்க கடவுள்கிட்ட உயிரோட இருக்காங்கன்னு. நான் திருப்பிக் கேக்குறேன். நீ திருப்பிச் சொல்ற. அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் அழுவுறேன். சந்தோசத்துல, மிஹா."

மிஹா என்றால் என் மகளே. எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் பாடம் மறந்துபோய், வேறு வழியில்லாமல் ஒப்பித்த பத்தி. அதைச் சொல்லும்போது என் மனதில் இருந்ததெல்லாம் பார்ட்லெட் என்ன நினைப்பாள் என்பது மட்டும்தான். அந்த வாக்கியத்தை நான் நம்புகிறேனா என்று ஒருமுறைகூட என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இந்த மனுஷி அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதமாக எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறார். நான் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

மகள் என்ன ஆவாள் என்று கேட்டேன்.

"கோவமா இருக்கா. பதினோரு வருஷக் கோவம், இப்பத்தான் வெளிய வருது. கத்தட்டும். கத்துறதுக்காகவாவது ஒவ்வொரு ஞாயிறும் போன் பண்றா."

என் அம்மா கத்துவதில்லை, போனே எடுப்பதில்லை என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, இரண்டு என்றேன். ஊசியில் நூல் கோக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். கிட்டத்தில் இருப்பது இப்போது அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை.

ஜனவரி 29, புதன்

பார்ட்லெட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞானஸ்நானத்தை நான் தடுக்கப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். "நீ முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றாள். ஆமாம் என்றேன்.

சாப்பிடும்போது, தன் அக்கா மூன்று வருடத்துக்கு முன் சபையை விட்டுப் போனதையும், அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை என்பதையும் சொன்னாள். அக்காவுக்கு நான் எழுதலாம்தானே என்று கேட்டாள். விதியைக் கேட்கிறாளா, என்னைக் கேட்கிறாளா என்று தெரியவில்லை. எழுது என்றேன். ஒரே அறையில் மூன்றரை மாதம் இருந்திருக்கிறோம். அவளுக்கு அக்கா இருப்பதே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 3, திங்கள்

நாசரேத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அரை மணி கழித்து மறுபடி. எடுக்கவில்லை. அடுத்த வாரமும் செய்வேன் என்று குரல்பதிவு அனுப்பினேன். கேட்டுவிட்டாள் என்பதற்கான நீல அடையாளம் வந்தது.

பிப்ரவரி 8, சனி

ஞானஸ்நானம் பத்து மணிக்கு. சபைக் கட்டடத்தில் இருக்கும் தொட்டி நிறைய இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் காலையிலேயே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் காவல் இருந்தோம். வெந்நீர் பாதியில் நின்றுபோனது. பார்ட்லெட் சமையலறையிலிருந்து பானை பானையாகச் சுடவைத்துக் கொண்டுவந்தாள்.

வந்தவர்கள் பதினாறு பேர். தோட்டத்தில் ஒதீலியாவோடு வேலை செய்யும் நான்கு பெண்கள் வந்து, நடப்பது தங்களுக்குச் சம்மதமில்லை என்பதுபோல் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார்கள். ஆனாலும் வந்தார்கள். ஊரில் நயேலி போனை எடுத்திருந்தாள். இந்த ஊர்ச் சபைக்குத் தலைவரான பிஷப்பிடம் அனுமதி கேட்டு, பார்ட்லெட் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். திரையில் நயேலியின் கன்னமும் காதும்தான் தெரிந்தன. முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

இரண்டு சாட்சிகளில் நான் ஒருத்தி. முழு உடம்பும் தண்ணீருக்குள் போகிறதா என்று பார்ப்பது சாட்சியின் வேலை. ஒரு விரல் வெளியே தெரிந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். ஒதீலியா வெள்ளை அங்கியில் இறங்கினார். கைப்பிடியை விடாமல் ஒவ்வொரு படியாக வந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே அவர் இதுவரை நின்றதில்லையாம். தொட்டியில் நின்ற இளைஞர் ஜெபத்தைச் சொல்லி அவரைப் பின்பக்கமாகச் சாய்த்தார். தலை போனது, முகம் போனது, கால்கள் போயின. சடை மட்டும் மேலே மிதந்தது.

அவர் எழுந்து, இருமி, முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். கடைசி வரிசைப் பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மறுபடி அந்தத் தண்ணீருக்குள் அவரைத் தள்ள மனம் வரவில்லை.

போனிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சடை, அம்மா. சடை உள்ள போகல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நயேலியின் முழு முகமும் இப்போது திரையில் இருந்தது. ஒதீலியாவின் அதே அகன்ற நெற்றி.

"செய்யறதுன்னா ஒழுங்காச் செய்" என்றாள்.

ஆமாம், சடை மேலே இருந்தது என்று நானும் சொன்னேன். ஒதீலியா சடையை எடுத்துக் கையில் சுற்றி, மார்போடு பிடித்துக்கொண்டு, இரண்டாம் முறை தானாகவே சாய்ந்தார்.

உடை மாற்றும் அறையில் துண்டோடு காத்திருந்தேன். ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டார். என் காதருகே தன் மொழியில் ஏதோ சொன்னார். என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, பையனிடம் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அம்மா எடுத்தாள்.

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும். வீடியோ இல்லை. பிறகு, "என்னட்டி" என்றாள். நான்கு மாதமாக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், மன்னிப்புக் கேட்பதிலிருந்து சண்டை போடுவதுவரை. ஒன்றும் வரவில்லை. ஒதீலியாவைப் பற்றிச் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. கார் கொட்டகை வீடு, இருபத்தொரு வருடம், சுவருக்கு வெளியே புதைத்தது, கிண்ணத்தில் பால், எல்லாவற்றையும் சொன்னேன். சடை மிதந்ததைச் சொன்னபோது அம்மா லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

"அந்தப் பிள்ளைக்கி ஒரு பேருகூட வைக்கலியா?"

இல்லையாம் என்றேன்.

"பாவம்ட்டி" என்றாள்.

அங்கே மின்விசிறி சத்தம் கேட்டது. பார்ட்லெட் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போய், கண்ணில் படும் தூரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"இங்க பாரு. ஒங்கப்பா மேல எனக்கு இருக்க கோவம் அப்படியேதான் இருக்கு. ஓம் மேலயும் இருக்கு. நான் கோயம்புத்தூருக்கு வரமாட்டேன். அத நீ எதிர்பாக்காத."

"சரிம்மா."

"அது வேற. நீ கூப்பிடு."

சரி என்றேன். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காதில் வைத்தபடி இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்தாள் போல. கொஞ்ச நேரம் இருவருமே போனை வைக்கவில்லை.